குழந்தைகள் அறையிலிருந்து 'ரக்ராட்ஸை' எடுத்தவர்களுக்கு

எங்கள் வார இறுதித் தமிழ்ப் பள்ளியின் நிர்வாகக் குழுவினருக்கும், அந்த முடிவை ஆதரித்த பெற்றோருக்கும்,

சின்னப் பிள்ளைகள் அறையில் இருந்த 'ரக்ராட்ஸ்' என்ற அமெரிக்கக் கார்ட்டூன் தொடரின் டிவிடிகளை எடுத்துவிட்டீர்கள். இனி அங்கே எழுத்து, எண், நிறம், நல்ல பழக்கம் சொல்லித்தரும் வீடியோக்கள் மட்டும்தான் ஓடும் என்று வாட்ஸ்அப் குழுவில் அறிவிப்பு வந்தது. கூடவே காரணங்களும் வந்தன. மண்ணைத் தின்பது, நாய்த் தீனியைத் தின்பது போன்ற அசிங்கங்களைக் காட்டுகிறது. ஏஞ்சலிகா என்கிற பெண் யாரையும் மதிப்பதில்லை. குழந்தைகள் தப்புத் தப்பாக ஆங்கிலம் பேசுகின்றன. நம் பண்பாட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. வாராவாரம் அந்த அறையில் பிள்ளைகளோடு உட்காரும் எங்கள் யாரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. டிவிடிகளைக் கொண்டுவந்து வைத்தவள் நான்தான். கொடுத்த பொருளை எடுத்துவிட்டார்களே என்ற வருத்தத்தில் இதை எழுதவில்லை. எடுத்த முடிவும் தவறு, சொன்ன காரணங்களும் தவறு என்பதால் எழுதுகிறேன்.

அந்த அறைக்குள் வந்து பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். அண்ணனோ அக்காவோ வகுப்பில் இருக்கும்போது வீட்டில் தனியே விட்டுவர முடியாத தம்பி தங்கைகள் அங்கே இருக்கிறார்கள். பெரும்பாலும் நாலிலிருந்து ஏழு வயது. பாய் விரித்திருக்கும், கிரேயான் இருக்கும், டப்பாவில் முறுக்கு இருக்கும். கடைசி அரை மணி நேரம் எல்லோரும் களைத்துப்போய், சிணுங்கல் ஆரம்பிக்கும் நேரத்தில் டிவி போடுவோம். அந்த அரை மணியில் என்ன ஓடலாம் என்பதுதான் விஷயம்.

"இது தமிழ்ப் பள்ளி, இங்கே ஆங்கிலக் கார்ட்டூன் எதற்கு" என்று நீங்கள் கேட்டிருந்தால் நான் வாயே திறந்திருக்க மாட்டேன். அது நியாயமான கேள்வி. ஆனால் அதற்குப் பதிலாக நீங்கள் கொண்டுவந்து வைத்திருப்பதும் ஆங்கில வீடியோக்கள்தான். ஆக, மொழி உங்களுக்குப் பிரச்சினை இல்லை. பாடம் சொல்லித்தராத ஒன்றைப் பிள்ளைகள் பார்த்துச் சிரிப்பதுதான் பிரச்சினையாக இருக்கிறது. அதில்தான் நான் உங்களோடு முரண்படுகிறேன்.

'ரக்ராட்ஸ்' 1991 ஆகஸ்ட் 11 அன்று வெளிவந்தது. குழந்தைகளுக்கான அமெரிக்க டிவி சேனலான நிக்கலோடியன் தன் சொந்தத் தயாரிப்பாக முதன்முதலில் இறக்கிய மூன்று கார்ட்டூன்களில் அதுவும் ஒன்று. ஆர்லீன் க்ளாஸ்கி, காபோர் சூப்போ, பால் ஜெர்மைன் மூன்று பேரும் சேர்ந்து உருவாக்கியது. வீட்டில் தன் இரண்டு சின்னப் பையன்களைப் பார்த்துக்கொண்டிருந்த க்ளாஸ்கிக்கு, இதுகளுக்குப் பேச்சு வந்தால் என்னதான் பேசும் என்று தோன்றியிருக்கிறது. அங்கிருந்து பிறந்ததுதான் ஒரு வயது டாமி பிக்கிள்ஸ், அவனைவிடக் கொஞ்சம் பெரியவனான பயந்தாங்கொள்ளி சக்கி, இரட்டையர் ஃபில், லில், மூன்று வயது ஏஞ்சலிகா எல்லோரும். குழந்தைகள் தங்களுக்குள் பேசிக்கொள்வது நமக்குக் கேட்கும். கதையில் வரும் பெரியவர்களுக்கு அது வெறும் மழலை. ஏஞ்சலிகாவுக்கும், பின்னால் வந்து சேரும் அவள் வயதுச் சிறுமி சூசிக்கும்தான் இரண்டு பக்கமும் புரியும். ஏஞ்சலிகாவின் அதிகாரம் முழுக்க அங்கிருந்துதான் வருகிறது. பெரியவர்கள் பேசுவதைத் தன் இஷ்டத்துக்குத் திரித்துக் குழந்தைகளிடம் சொல்வாள், அவர்கள் நம்பிவிடுவார்கள், கதை கிளம்பிவிடும்.

அந்தக் கதைகள் எவ்வளவு சின்னவை என்பதை நினைத்துப் பாருங்கள். தொடருக்கு முன்னால் சோதனையாகச் செய்த படத்தில் டாமி தேடிக்கொண்டு போகும் அதிசயப் பொருள், கழிப்பறையில் இருக்கும் வெள்ளைப் பீங்கான். சறுக்குமரத்தில் ஏறப் பயப்படும் சக்கிக்கு ஒரு கதை. அப்பா ஒருவேளை ரோபோவோ என்று சந்தேகப்பட்டு இரவில் உளவு பார்ப்பது ஒரு கதை. கோமாளி விளக்கை யார் உடைத்தது என்று விளையாட்டு அறைக்குள் ஒரு நீதிமன்றமே நடக்கும். படம் வரைந்தவர்கள் நம் கண்ணைத் தரைக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டார்கள். மேசைக்கு அடிப்பக்கம் தெரியும், பெரியவர்களின் முழங்கால் தெரியும், நாயின் மூக்கு பெரிதாகத் தெரியும். முகங்களை அழகாக வரையவும் இல்லை. கோணல் தலையும் மூன்று முடியுமாக இருக்கும் அந்தக் குழந்தைகளைப் பார்த்த மாத்திரத்தில் எந்தச் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்துவிடும், இது நம் உயரத்தில் நின்று பார்க்கிற கதை என்று.

சரி, நீங்கள் சொன்ன அசிங்கத்துக்கு வருகிறேன். ஆமாம், முதல் கதையிலேயே அவர்கள் நாய்த் தீனியைத் தின்கிறார்கள். டாமியின் முதல் பிறந்தநாள் அது. நாய் தின்பதைத் தின்றால் நாமும் நாயாகிவிடலாம் என்று அவர்களுக்கு ஒரு கணக்கு. தின்று பார்க்கிறார்கள், நாயாகவில்லை. இதைப் பார்த்துவிட்டு எங்கள் அறையில் எந்தப் பிள்ளையும் நாய்த் தீனி கேட்டதில்லை. நாலு வயதுப் பிள்ளைக்கு ஒரு வயதுப் பிள்ளையின் அறியாமை நன்றாகவே தெரியும். "ஐயே, அது நாய் சாப்பாடு!" என்று கத்துவதில்தான் அவர்களுக்கு ஆனந்தம். தன்னைவிடச் சின்னதுகள் தப்புச் செய்வதையும், அது தனக்குத் தெரிந்திருப்பதையும் ரசிக்கிறார்கள். நாள் முழுக்கப் பெரியவர்களிடம் திட்டு வாங்கும் ஒரு பிள்ளைக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதல் என்று யோசியுங்கள். தப்பான ஆங்கிலம் பற்றிய உங்கள் கவலைக்கும் இதே பதில்தான். டாமி ஒரு சொல்லைச் சிதைத்துச் சொன்னால் பிள்ளைகள் சிரிப்பதே சரியான சொல் தங்களுக்குத் தெரியும் என்பதால். அதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை.

பள்ளி நடக்கும் கட்டடத்தில் கழிப்பறைகள் எல்லாம் தானே தண்ணீர் ஊற்றிக்கொள்பவை. உட்கார்ந்திருக்கும்போதே திடீரென்று பேரிரைச்சலோடு தண்ணீர் பாயும். எங்கள் அறையில் ஒரு சின்னப் பெண் அதற்குப் பயந்து மணிக்கணக்காக அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். வீட்டுக்குப் போகும் வழியில் காரிலேயே நனைத்துவிடுவாள். "அதெல்லாம் ஒன்றும் செய்யாது" என்று அவளிடம் சொல்லாத ஆளில்லை. பலனில்லை. ஒருநாள் குளியல் தொட்டியின் ஓட்டை வழியாகத் தண்ணீரோடு தாங்களும் போய்விடுவோம் என்று டாமியும் சக்கியும் நடுங்கும் கதை ஓடியது. அதைப் பார்த்து முடித்ததும் அவள் என் பக்கத்தில் வந்து, "அந்த டாய்லெட்டும் இழுத்துட்டுப் போயிடும்ல ஆன்ட்டி?" என்று கேட்டாள். அவள் எதற்குப் பயப்படுகிறாள் என்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. சத்தத்துக்கு அவள் பயப்படவில்லை, உள்ளே இழுத்துக்கொள்ளும் என்று பயந்திருக்கிறாள். அவளைக் கூட்டிப்போய் அந்த சென்ஸார் கண்ணைக் காட்டி, அதன்மேல் ஒரு ஒட்டுத்தாளை ஒட்டினோம். தண்ணீர் வரவில்லை. தாளை அவள் கையாலேயே எடுக்கச் சொன்னோம், வந்தது. அப்புறம் அவளாகவே போய்வர ஆரம்பித்தாள். தைரியமாக இரு என்று பாட்டுப் பாடும் வீடியோக்களும் அதே அலமாரியில் இருந்தன. அவற்றைப் பார்த்து அவள் யாரிடமும் எதையும் சொன்னதில்லை.

இந்தத் தொடர் குழந்தையின் பயத்தைப் பார்த்து, 'இது சின்ன விஷயம்' என்று சொல்வதே இல்லை. சக்கி எல்லாவற்றுக்கும் பயப்படுவான். டாமி ஒரு நாளும் அவனைக் கேலி செய்ததில்லை, விட்டுவிட்டுப் போனதும் இல்லை. டயப்பருக்குள் ஒளித்து வைத்திருக்கும் ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு, 'வா, போய்ப் பார்த்துவிடலாம்' என்று கூட்டிக்கொண்டு போவான். நல்ல பழக்கம் என்று எழுதி ஒட்டாமலே இதைவிட நல்ல பழக்கத்தை எந்த வீடியோவில் காட்டப்போகிறீர்கள்?

ஏஞ்சலிகாவைப் பற்றி நீங்கள் கவலைப்படுவதில் ஆச்சரியமில்லை. அந்தத் தொடரை உருவாக்கியவர்களுக்குள்ளேயே அவளைப் பற்றி ஒத்த கருத்து இல்லை. பால் ஜெர்மைன், தன் சின்ன வயதில் தன்னை மிரட்டிய ஒரு சிறுமியை மனதில் வைத்து அவளை எழுதினார். ஆர்லீன் க்ளாஸ்கிக்கு அவளைப் பிடிக்கவே இல்லை. இவ்வளவு கொடுமைக்காரியாக ஒரு பிள்ளையைக் காட்ட வேண்டுமா என்று அவர் எதிர்த்தார். அவளை எடுத்துவிட்டிருந்தால் கதை என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். எல்லாப் பிள்ளைகளின் உலகத்திலும் ஒரு ஏஞ்சலிகா இருக்கிறாள். விளையாட்டு மைதானத்தில், பஸ்ஸில், சில வீடுகளில் சொந்த அக்காவாகவே இருக்கிறாள். பெரியவர்கள் முன்னால் தேனாகப் பேசிவிட்டு அவர்கள் திரும்பியதும் கையை முறுக்குவாள். பெரியவர்களுக்கு இது தெரியாது. பார்க்கும் பிள்ளைக்குத் தெரியும். 'இது எனக்கு மட்டும் நடக்கவில்லை' என்று அந்தப் பிள்ளைக்குச் சொல்ல ஏஞ்சலிகா தேவை. எங்கள் அறையில் யாராவது ரொம்ப அதட்டினால் மற்ற பிள்ளைகள், "நீ ஏஞ்சலிகா மாதிரி பண்றே" என்கிறார்கள். அதட்டியவன் அடங்கிவிடுகிறான். அவளைப் போல் ஆவதற்கு அந்த அறையில் ஒரு பிள்ளைக்கும் ஆசையில்லை.

அவளும் வெறும் வில்லி இல்லை. அவளுடைய அம்மா ஷார்லட் எந்நேரமும் கைப்பேசியில் அலுவலகத்தோடு பேசிக்கொண்டே இருப்பாள். அப்பா கேட்டதையெல்லாம் வாங்கிக் கொடுத்துவிடுவார். வீட்டில் இன்னொரு குழந்தை வரப்போகிறதோ என்று பயந்து ஏஞ்சலிகா காணும் கெட்ட கனவு ஒரு கதையில் வரும். அதைப் பார்க்கும்போது இந்தக் குட்டி ராட்சசி மேல் இரக்கம் வந்துவிடும். ஒரு பிள்ளை ஏன் இப்படி ஆகிறது என்று காட்டும் அந்தக் காட்சிகள், பிள்ளைகளைவிட நம்மைத்தான் அதிகம் உறுத்த வேண்டும். வகுப்பு முடிந்து பிள்ளையைக் கூட்டிப்போக வருபவர்களில் எத்தனை பேர் போன் பேசிக்கொண்டே வருகிறோம் என்று நான் எழுதித்தான் தெரிய வேண்டியதில்லை.

இன்னொன்றையும் குழு கவனிக்க வேண்டும். டாமியின் அம்மா டீடீ, பிள்ளை வளர்ப்பு நிபுணர் டாக்டர் லிப்ஷிட்ஸ் எழுதிய புத்தகத்தைக் கேட்காமல் ஒன்றும் செய்ய மாட்டாள். புத்தகத்தில் தலையைக் கவிழ்த்திருக்கும் நேரம் பார்த்து டாமி தன் விளையாட்டுக் கூண்டைத் திறந்துகொண்டு போய்விடுவான். பிள்ளையைச் சரியாக வளர்க்க வேண்டும் என்ற பதற்றத்தில், எதிரே நிற்கும் பிள்ளையைப் பார்க்கத் தவறும் பெற்றோரை அந்தத் தொடர் முப்பது வருடத்துக்கு முன்னாலேயே அன்போடு எடுத்துக் காட்டியது. டாமியின் அப்பா ஸ்டூ, பொம்மை கண்டுபிடிப்பவர். கால் உடைந்ததாக நடிக்கும் ஏஞ்சலிகாவுக்குச் சேவகம் செய்து செய்து ஓய்ந்துபோய், விடியற்காலை நாலு மணிக்கு அடுப்படியில் நின்று சாக்லேட் புட்டிங் கிண்டிக்கொண்டிருப்பார். இந்நேரத்தில் ஏன் என்று மனைவி கேட்டால், தன் வாழ்க்கை தன் கையை விட்டுப் போய்விட்டது என்பார். பிள்ளை பெற்ற யாரும் அந்தக் காட்சியை மறக்க முடியாது. இன்று வளர்ந்து அப்பா அம்மாவான அந்தக் காலத்துப் பிள்ளைகள் இன்னமும் அதைப் பேசுகிறார்கள். ஏழு வயதில் டாமியோடு சிரித்தவர்களுக்கு முப்பத்தைந்து வயதில் ஸ்டூவின் முகம் தெரிகிறது. ஒரே கதைக்குள் இரண்டு வயதுக்கும் இடம் வைத்திருந்ததால்தான் அது நிலைத்தது.

நிலைத்ததற்குச் சாட்சி வேண்டுமென்றால், 1994-ல் அறுபத்தைந்து அத்தியாயங்களோடு, பண்டிகைச் சிறப்புகளைத் தவிர, புதுக் கதைகள் வருவது நின்றுவிட்டது. பழையவற்றையே திரும்பத் திரும்பப் போட்டார்கள். அப்படிப் போட்டதில்தான் பார்ப்பவர்கள் பெருகினார்கள். பார்த்த கதையையே பிள்ளைகள் மறுபடியும் பார்த்தார்கள். அந்த வரவேற்பால் மறுபடியும் எடுக்க ஆரம்பித்து 2004 வரை ஓடியது. 1998-ல் வந்த திரைப்படம் அமெரிக்காவில் மட்டும் 10 கோடி டாலரைத் தாண்டியது. டிஸ்னி எடுக்காத ஒரு கார்ட்டூன் படம் அந்த எல்லையைத் தொட்டது அதுதான் முதல்முறை. 2021-ல் கணினி வரைகலையில் புதுப்பித்தபோது டாமிக்கும் ஏஞ்சலிகாவுக்கும் பழைய குரல்களையே அழைத்து வந்தார்கள். எனக்கு அந்தப் பளபளப்பைவிடப் பழைய கோணல் கோடுகள்தான் பிடிக்கும், அது என் ருசி.

இப்போது பண்பாடு. உங்கள் அறிவிப்பில் என்னை அதிகம் வருத்தியது அந்த வரிதான்.

நான் இங்கே நியூ ஜெர்சிக்கு வந்தது தொண்ணூறுகளின் நடுவில், ஏழு வயதுப் பிள்ளையாக. வகுப்பில் யார் என்ன பேசுகிறார்கள் என்று பாதி புரியாது. எல்லோரும் சிரிக்கும்போது ஏன் சிரிக்கிறார்கள் என்று தெரியாமல் நானும் சிரித்து வைப்பேன். சாயங்காலம் அபார்ட்மென்ட்டில் டிவியைப் போட்டால், பெரியவர்கள் பேச்சுப் புரியாமல் தாங்களாகவே ஒரு அர்த்தம் கட்டிக்கொண்டு கிளம்பும் குழந்தைகள். அவர்கள் என் நிலைமையில் இருந்தார்கள். அந்த வயதில் அந்த ஊரில் என்னைப் போல் இருந்தவர்கள் அவர்கள்தான். உங்களில் பலர் பெரியவர்களாகி வேலைக்காக இங்கே வந்தவர்கள். பிள்ளையாக வந்தவர்களின் நிலை வேறு. நம் அறையில் இப்போதும் அப்படி ஊரிலிருந்து புதிதாக வந்த பிள்ளைகள் இருக்கிறார்கள்.

பாளையங்கோட்டையிலிருந்து எங்கள் ஆச்சி ஆறு மாதம் தங்க வந்திருந்தாள். ஆங்கிலத்தில் ஒரு எழுத்துத் தெரியாது. என்னோடு உட்கார்ந்து இந்தக் கார்ட்டூனை முழுசாகப் பார்ப்பாள். "ஏட்டி, இவ சரியான சாலக்காரியால்ல இருக்கா" என்று ஏஞ்சலிகாவைத் திட்டுவாள். டாமியின் தாத்தா லூ நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கிப்போனால், "உங்க தாத்தாவும் இப்படித்தான், பிள்ளையப் பாத்துக்கோங்கன்னு சொல்லிட்டுப் போனா குறட்டை விடுவாரு" என்பாள். யோசித்துப் பாருங்கள். மகன் வீட்டில் தாத்தா கூடவே இருக்கிறார். பக்கத்திலேயே பெரியப்பா குடும்பம். அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் எல்லாம் ஒரே வீட்டில்தான் நாள் முழுக்க. நான் பார்த்த வேறு எந்த அமெரிக்கக் கார்ட்டூனிலும் ஆச்சிக்கு இவ்வளவு தெரிந்த முகங்கள் இருந்ததில்லை.

டீடீயின் அப்பா அம்மா போரிஸும் மிங்காவும் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்து குடியேறிய யூதர்கள். அவர்கள் ஆங்கிலத்தில் ஊர் வாடை அடிக்கும். மாப்பிள்ளை வீட்டுக்கும் அவர்களுக்கும் பழக்கவழக்கத்தில் உரசல் இருக்கும். 1995-ல் பாஸ்கா பண்டிகைக்காக ஒரு சிறப்பு அத்தியாயம் வந்தது. எல்லோரும் பரணில் மாட்டிக்கொள்ள, போரிஸ் தாத்தா பிள்ளைகளுக்கு எகிப்தை விட்டு வெளியேறிய கதையைச் சொல்கிறார். பிள்ளைகளின் கற்பனையில் டாமி மோசேயாகவும் ஏஞ்சலிகா பாரோ மன்னனாகவும் வருகிறார்கள். அடுத்த வருடம் யூதர்களின் இன்னொரு பண்டிகையான ஹனுக்கா. 2001-ல் சூசியின் கறுப்பின அமெரிக்கக் குடும்பத்தை வைத்து க்வான்ஸா பண்டிகை. வீட்டுப் பெரியவர் தன் ஊர்ப் பண்டிகைக் கதையைச் சொல்ல, பேரப்பிள்ளை அதைத் தன் பொம்மைகளோடு கலந்து தன் கதையாக ஆக்கிக்கொள்கிறது. நாம் சனிக்கிழமை காலையில் பிள்ளைகளைக் காரில் ஏற்றிக்கொண்டு இந்தப் பள்ளிக்கு வருவது இதற்குத்தானே? நம் பண்பாட்டுக்குச் சம்பந்தமில்லை என்று எப்படி எழுத முடிந்தது?

ஆச்சி ஊருக்குத் திரும்பிப் போன பிறகு இறந்துவிட்டாள். அம்மா அவசரமாக ஊருக்குப் போனாள். என்னிடம், "ஆச்சிக்கு உடம்பு சரியில்லை, பார்த்துட்டு வந்துடுவா" என்றார்கள். திரும்பி வந்த பிறகும் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. போனில் ஆச்சி வருவது நின்றுவிட்டது. பிள்ளை தாங்காது என்று நினைத்திருப்பார்கள். வெளிநாட்டில் இருக்கும் நம் வீடுகளில் இது எவ்வளவு சாதாரணமாக நடக்கிறது என்று உங்களுக்கே தெரியும். அந்தச் சமயத்தில்தான் அன்னையர் தினச் சிறப்பு அத்தியாயத்தைப் பார்த்தேன். 1997-ல் எடுத்தது. சக்கிக்கு அம்மா இல்லை என்பதைத் தொடர் அதுவரை வெளிப்படையாகச் சொன்னதில்லை. அவன் அப்பா சாஸ், இறந்துபோன மனைவியின் பொருட்களை ஒரு பெட்டியில் போட்டு மறைத்து வைத்திருக்கிறார். பிள்ளையிடம் எப்படிச் சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை. கடைசியில் பெட்டி திறக்கிறது. சாஸ் மகனை மடியில் வைத்துக்கொண்டு, ஆஸ்பத்திரியில் இருந்தபோது அவள் அவனுக்காக எழுதிய கவிதையைப் படித்துக் காட்டுகிறார். காற்றிலும் மர நிழலிலும் தன்னைத் தேடச் சொல்லும் கவிதை அது.

அன்று ராத்திரி அப்பாவிடம், "ஆச்சி செத்துப்போயிட்டாளா?" என்று கேட்டேன். அப்பா ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம் ஆமாம் என்றார். நாங்கள் இரண்டு பேரும் அழுதோம். அம்மாவும் வந்து சேர்ந்துகொண்டாள். ஆச்சியின் போட்டோ மறுநாளே சாமி படங்களுக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. அவளைப் பற்றிப் பேச எனக்கு உரிமை கிடைத்தது. அதைக் கொடுத்தது நீங்கள் எடுத்துப் போட்ட அந்த டிவிடிகளில் இருக்கும் ஒரு கார்ட்டூன்.

நீங்கள் வாங்கி வைத்திருக்கும் வீடியோக்கள்மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் 'கல்வி' என்று அட்டையில் போட்டிருப்பதாலேயே ஒன்று நல்லதாகிவிடாது. கைக்குழந்தைகளின் அறிவை வளர்க்கும் என்று நம்பி வாங்கப்பட்ட 'பேபி ஐன்ஸ்டைன்' வீடியோக்களுக்கு, அவற்றை விற்ற டிஸ்னி 2009-ல் பணத்தைத் திருப்பித் தர முன்வந்தது. அதற்கு முன்னால் 2007-ல் வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், அப்படிப்பட்ட வீடியோக்களை அதிகம் பார்த்த 8 முதல் 16 மாதக் குழந்தைகளுக்குத் தெரிந்த சொற்கள் குறைவாக இருப்பதைப் பார்த்தார்கள். அந்த முடிவின்மேல் பெரிய விவாதம் நடந்தது என்பதும் உண்மை. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கத்தின் 2016 பரிந்துரை இன்னும் தெளிவாகச் சொன்னது: ஒன்றரை வயதுக்குள் வீடியோ அழைப்பு தவிர வேறு திரை வேண்டாம், 2 முதல் 5 வயதுக்கு நாளில் ஒரு மணி நேரம் போதும், அதையும் பெரியவர்கள் கூட உட்கார்ந்து பார்க்க வேண்டும். கூட உட்கார்வது என்பதுதான் அதில் முக்கியம். எழுத்து வீடியோ ஓடும்போது பெரியவர்கள் எழுந்து போய்விடுகிறோம், பிள்ளை ஏதோ படிக்கிறது என்று நிம்மதியாக. 'ரக்ராட்ஸ்' ஓடும்போது தன்னார்வலர்கள் போகாமல் உட்கார்ந்து சிரித்ததை நான் பார்த்திருக்கிறேன். பார்த்து முடித்த பிறகு பிள்ளைகளோடு பேசுவதற்கு விஷயமும் இருந்தது.

ஆகவே குழுவிடம் நான் கேட்பது இவை.

எடுத்த டிவிடிகளை அந்த அலமாரியிலேயே திரும்ப வையுங்கள். நாலு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு, கடைசி அரை மணியில், ஒரு தன்னார்வலர் கூட உட்கார்ந்திருக்க, வாரம் ஒரு கதை அல்லது இரண்டு கதை போட அனுமதியுங்கள். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகள் அறையில் இருந்தால் அவர்களை அந்த நேரத்தில் பக்கத்து அறைக்குக் கொண்டுபோகிற ஏற்பாட்டை நாங்களே செய்துகொள்கிறோம். உங்கள் பாட்டு வீடியோக்களையும் அவர்களுக்குப் போட வேண்டாம்.

இனி அந்த அறையில் எதைச் சேர்த்தாலும் நீக்கினாலும், அங்கே உட்காரும் தன்னார்வலர்களிடம் முன்கூட்டியே கேளுங்கள். குழுவில் ஒவ்வொருவரும் முடிவெடுக்கும் முன் ஒரு சனிக்கிழமையாவது அந்த அரை மணி நேரம் வந்து பிள்ளைகளோடு பாயில் உட்காருங்கள். அன்னையர் தின அத்தியாயத்தை நீங்களே முழுசாகப் பார்த்துவிட்டு வாருங்கள் என்றும் கேட்டுக்கொள்கிறேன்.

தமிழ் வேண்டும் என்பது உண்மையான விருப்பம் என்றால், அதற்கு நான் முதல் ஆளாக வருகிறேன். கோடையில் ஊரிலிருந்து வந்து தங்கும் தாத்தா பாட்டிகள் நம் வீடுகளில் நிறைய இருக்கிறார்கள். வாரம் ஒருவராக அழைத்து வந்து அந்த அறையில் கதை சொல்லச் சொல்லுங்கள். பட்டியல் போடவும், கூட்டி வந்து திரும்பக் கொண்டுபோய் விடவும் நான் பொறுப்பேற்கிறேன். அந்த வாரங்களில் டிவியே வேண்டாம்.

அடுத்த பருவம் தொடங்கும் முன் நடக்கும் பெற்றோர் கூட்டத்தில் இதை விவாதத்துக்கு எடுங்கள். உங்கள் பதிலை எனக்குத் தனியாக அனுப்பாமல், அறிவிப்பு வந்த அதே வாட்ஸ்அப் குழுவில் எல்லோரும் படிக்கும்படி எழுதுங்கள். எடுத்த டிவிடிகள் இப்போது எங்கே இருக்கின்றன என்பதையும் அதில் சொல்லுங்கள். அதுவரை அவற்றை யாருக்கும் கொடுத்துவிட வேண்டாம்.

இப்படிக்கு,
சின்னப் பிள்ளைகள் அறையின் தன்னார்வலர், இரண்டு பிள்ளைகளின் தாய்